யாரைக் கேட்டு

மார்கழியில் ஆடுகோடியின் அந்தச் சந்து வழியாகப் போகிறவர்கள், தகர ஷெட்டின் வாசலைத் தாண்டும்போது மட்டும் நடையைக் கொஞ்சம் குறைப்பார்கள். உள்ளேயிருந்து சூடான ஆவி வரும். லேத் பட்டறைக்குப் போகிறவர்களுக்கும் பால் பாக்கெட் வாங்க வந்தவர்களுக்கும் இரண்டு விநாடி வெயிலில் நின்ற மாதிரி இருக்கும். மூன்று ஆஸ்பத்திரிகளின் படுக்கை விரிப்புகளைத் துவைக்கிற ஆவி அது என்று எல்லோருக்கும் தெரியும். குளிரில் யாரும் அதைப் பெரிதாக நினைப்பதில்லை.

ஆதிகேசவன் அந்த லாண்டிரியில் பதினோரு வருடமாக இருக்கிறான். முதலில் வண்டி தள்ளினான், பிறகு விரிப்புகளைத் தேய்க்கிற ரோலரில் நின்றான், கடைசி நாலு வருடமாகச் சூப்பர்வைசர். அவன் மனைவி சாந்தகுமாரி அதே ஷெட்டின் கோடியில் தையல் மெஷினில் உட்கார்ந்து கிழிந்த விரிப்புகளைத் தைப்பவள். காலை ஐந்தரைக்கு நீலசந்திராவிலிருந்து இருவரும் ஒன்றாக நடந்து வருவார்கள். வழியில் அவனை ‘நீ’ என்பாள், ஷெட்டுக்குள் நுழைந்ததும் ‘சார்’ என்பாள். அதில் இருவருக்கும் ஒரு விளையாட்டு இருந்தது.

லாண்டிரியின் பெரிய தலைவலி வெள்ளை நிறம்தான். மூன்று ஆஸ்பத்திரி விரிப்புகளும் வெள்ளை. ஓரத்தில் குத்தியிருக்கும் முத்திரை பிளீச்சில் பத்துப் பதினைந்து தடவையில் அழிந்துவிடும். அப்புறம் தேய்த்து வருவதை எல்லாம் மேஜையில் குவித்து, துணியின் கனத்தைத் தடவிப் பார்த்து இது யாருடையது என்று பிரிக்க வேண்டும். ஆறு பெண்கள், தினமும் இரண்டு மணி நேரம். அப்படியும் மாறிப் போகும். தடித்த துணி கொடுத்த ஆஸ்பத்திரிக்கு மெல்லிய துணி போய், அங்கிருந்து ஃபோன் வரும்.

கார்த்திகை கடைசியில் ஒரு நாள் சாந்தகுமாரி வீட்டில் ஒரு வாளித் தண்ணீரோடு உட்கார்ந்திருந்தாள். மூன்று வெள்ளைத் துண்டுகளின் மூலையில் ஒரு விரல் நீளத்துக்கு நூல் தைத்திருந்தாள். ஒன்றில் சிவப்பு, ஒன்றில் நீலம், ஒன்றில் பச்சை.

“மூணு நாளா கொதிக்கிற தண்ணில போட்டு எடுக்கறேன். பிளீச்சும் ஊத்தினேன். சாயம் போகல பாரு,” என்றாள். “ஆஸ்பத்திரிக்கு ஒரு கலர். குவியல்ல மூலைய மட்டும் பாத்தாப் போதும். ஆறு பேரு தேவையில்ல, ரெண்டு பேரே பிரிச்சிடலாம்.”

ஆதிகேசவன் துண்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். அவனுக்கு உடனே பிடித்துவிட்டது.

“பண்ணிப் பாரு. மேடத்துக்கு நான் சொல்லிக்கறேன்.”

மேடம் என்பது சிந்தியா. பிரேசர் டவுனில் வீடு. அப்பாவிடமிருந்து வந்த லாண்டிரி. சனிக்கிழமை காலையில் மட்டும் ஷெட்டுக்கு வருவாள். அந்தச் சனிக்கிழமை ஆதிகேசவன் சொல்ல மறந்தான். அடுத்த சனிக்கிழமை சொல்ல வேண்டியிருக்கவில்லை. பிரிக்கிற வேலை முக்கால் மணி நேரத்தில் முடிவதைப் பார்த்து அவளே, “என்ன ஆதி, நல்லா மேனேஜ் பண்ணிட்டே,” என்றாள். அவன் சிரித்தான். கோடியில் தையல் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. மெஷினில் இருப்பவளின் பெயரைச் சொல்ல ஒரு மூச்சுகூடத் தேவைப்பட்டிருக்காது. ஆனால் அதற்குள் மேடம் பாய்லர் பக்கம் போய்விட்டாள்.

பதினைந்து நாளில் சிவப்பு நூல் தீர்ந்தது. வழக்கமான கடையில் அந்த நூல் இல்லை. சந்து முனைக் கடையில் வேறொரு சிவப்பு நூல்கண்டு வாங்கி வந்தாள் சாந்தகுமாரி.

“சார், இது வேற கம்பெனி. ஒரு தடவ கொதிக்க வச்சிப் பாத்துட்டுத் தைக்கறேன்.”

“அதே சிவப்புதானே. வண்டி நிக்குது பாரு. தச்சிடு.”

எண்பது விரிப்புகள். மறுநாள் அழுக்காகத் திரும்பி வந்ததைத் துவைத்து, மெஷினின் வட்டக் கதவைத் திறந்தபோது உள்ளே எல்லாம் வெளிறிய ரோஜா நிறத்தில் இருந்தன. ஈரத்தில் பார்க்க அழகாகக்கூட இருந்தது. மேஜைப் பக்கத்து அம்புஜம் மட்டும் நெஞ்சில் கையை வைத்துக்கொண்டாள். இரண்டாம் தடவை பிளீச் போட்டார்கள், திட்டுத் திட்டாக நின்றது. ஆஸ்பத்திரி அன்று மதியம் எண்பது விரிப்பு குறைவாக வாங்கிக்கொண்டு கடிதம் அனுப்பியது.

சிந்தியா மேடம் அன்று புதன்கிழமையிலேயே வந்துவிட்டாள். கத்தவில்லை. அவள் எப்போதும் கத்துவதில்லை. ரோஜா நிற விரிப்பு ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டு, எல்லோரும் நிற்கும்போது கேட்டாள்.

“யாரைக் கேட்டு இந்த நூலைப் போட்டாங்க?”

ரோலர் நின்றிருந்தது. ஆவி மட்டும் எங்கோ குழாயில் சீறிக்கொண்டிருந்தது.

“ஆதி, உனக்குத் தெரியுமா?”

“எனக்குத் தெரியாது மேடம்.”

வார்த்தை வெளியே வந்த பிறகுதான் அவனுக்கே கேட்டது. சாந்தகுமாரி கையில் நூல்கண்டை வைத்திருந்தாள். நிமிர்ந்து அவனைப் பார்க்கவில்லை. நூலின் நுனியைத் தேடி எடுத்து, கண்டில் சுற்றி, பெட்டியில் வைத்தாள்.

“நான்தான் மேடம் தச்சேன்,” என்றாள்.

அன்றே மேடம் அவளை அழுக்குப் பக்கத்துக்கு மாற்றினாள். ஆஸ்பத்திரியிலிருந்து வரும் மூட்டைகளை அவிழ்த்து, ரத்தமும் மருந்தும் பட்டதைத் தனியாகப் பிரிக்கிற இடம். முகமூடி, முழங்கை வரை ரப்பர் கையுறை. மூட்டைக்குள் ஊசி கிடக்கும், சில நாள் யாருடைய வளையலாவது கிடக்கும். புதிதாகச் சேருகிறவர்களை முதலில் அங்கேதான் போடுவார்கள். எட்டு வருடம் வேலை பார்த்த பிறகு அவள் அங்கே போனாள்.

வீட்டில் சண்டை வரும் என்று ஆதிகேசவன் காத்திருந்தான். வரவில்லை. வந்ததும் குளித்தாள், கீரை போட்டுச் சொப்புச் சாறு வைத்தாள், களி கிண்டினாள், மகள் பார்கவிக்கு முதலிலும் அவனுக்கு அடுத்ததாகவும் போட்டாள். “இன்னும் ஒரு உருண்டை வைக்கட்டுங்களா?” என்று கேட்டாள். வைக்கட்டுங்களா. காலேஜில் இரண்டாம் பி.யு., அதாவது பிளஸ் டூ, படிக்கிற பார்கவி அம்மாவையும் அப்பாவையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு மறுபடி புத்தகத்துக்குள் போனாள்.

“ஏதாச்சும் திட்டேன்,” என்றான் ஆதிகேசவன் ஒரு நாள்.

“எதுக்குங்க. ரெண்டு பேருக்கும் வேலை போனா இவ படிப்பு இன்னா ஆவறது. நீங்க செஞ்சது ஒரு கணக்குக்குச் சரிதான். அதான் நானும் அங்க எதும் சொல்லல.”

“அப்ப ஏன் இப்படி இருக்கறே?”

“எப்படி இருக்கறேன்? சொன்னதெல்லாம் செய்யறேனே.”

அதுதான் அவனுக்குப் பொறுக்கவில்லை. சொன்னதை மட்டும் செய்தாள்.

பிறகு மெல்ல மெல்ல ஷெட்டிலும் அதே நடக்கத் தொடங்கியது. முதலில் நாடாக்கள். ஆபரேஷன் தியேட்டர் ஆட்கள் போடுகிற பச்சைப் பைஜாமாக்களின் இடுப்பு நாடா துவைக்கும்போது உருவிக்கொள்ளும் என்று ஆதிகேசவனுக்குத் தெரியவே தெரியாது. நாலு வருடத்தில் அவன் பார்த்ததில்லை. இப்போது மெஷினைத் திறந்தால் நாடாக்கள் தனியாக, பாம்புச் சட்டை மாதிரி சுருண்டு கிடந்தன. நாற்பது பைஜாமாவுக்கு ஊக்கை வைத்து நாடா கோக்கவே ஒருத்திக்குப் பாதி நாள் ஆனது.

மேஜைப் பக்கம் போய் அம்புஜத்தைக் கேட்டான். அம்புஜம் மடிக்கிற பெண்களில் மூத்தவள். அவள் வாய்க்கு லாரி டிரைவர்களே பயப்படுவார்கள்.

“இன்னாக்கா இது, நாடா எல்லாம் வெளிய வருது?”

“முடிச்சு போட்டா வராது சார்.”

“அப்ப போட வேண்டியதுதானே?”

“நீங்க போடச் சொல்லலியே.”

“முன்னாடி நான் சொல்லியா போட்டீங்க?”

“முன்னாடி நாங்களா போட்டோம் சார். சாந்தாதான் ஆரம்பிச்சு வச்சா, அது ஆச்சு அஞ்சு வருசம். இப்ப நாங்களா ஒண்ணும் பண்றதில்ல.” அம்புஜம் ஒரு தலையணை உறையை உதறினாள். சாட்டை அடித்த மாதிரி சத்தம் வந்தது. “நாளைக்கு முடிச்சு அவுக்க வரலன்னு எந்த டாக்டராச்சும் கம்ப்ளெயின்ட் குடுத்தா, யாரைக் கேட்டுப் போட்டேன்னு வரும். எனக்கு எதுக்கு அந்தப் பேஜாரு.”

பக்கத்தில் இருந்த பெண்கள் சிரிக்கவில்லை. அம்புஜம் பேசினால் சிரிக்காமல் இருக்கிறவர்கள் இல்லை அவர்கள்.

அடுத்தது ரோலர். காலையில் முதலில் போன பத்து விரிப்புகளில் துருநிறத்தில் கோடு விழுந்தது. பாய்லர் பார்க்கிற டிரேவர்தான் சொன்னான்.

“தெரியாதா பாஸ்? டெய்லி மார்னிங் ஒரு கிழிஞ்ச ஷீட்டை ஈரம் பண்ணி மொதல்ல விடுவாங்க. ராத்திரி புடிச்ச துரு எல்லாம் அதுல போயிடும். அப்புறம்தான் நல்ல ஷீட்டு.”

“யாரு விடுவாங்க?”

“யாரோ. யார் மொதல்ல வராங்களோ அவங்க.” டிரேவர் கையைப் பழந்துணியில் துடைத்தான். “நானும் நீ சொல்லித்தான் பண்றாங்கன்னு நெனச்சேன், போ.”

ஆதிகேசவன் ஷெட்டின் நடுவில் நின்று சுற்றிப் பார்த்தான். இத்தனை நாள் இந்த இடம் தன் சொல்லில் ஓடுகிறது என்று நினைத்திருந்தான். யாரோ போட்ட முடிச்சுகளிலும் யாரோ நனைத்த கிழிசலிலும்தான் அது ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. அவையெல்லாம் கண்ணுக்குத் தெரியாத மீன்களைப் போல அடியில் நீந்திக்கொண்டிருந்தன. ‘தெரியாது’ என்று அவன் ஒரு வார்த்தை சொன்னான், தண்ணீர் அசையாமல் நின்றுவிட்டது.

தை பிறந்து இரண்டாவது வெள்ளிக்கிழமை மதியம் சிந்தியா மேடம் ஃபோன் செய்தாள்.

“ஆதி, மண்டே அந்த ஆஸ்பத்திரியில என்னை வரச் சொல்லியிருக்காங்க. கான்ட்ராக்ட் தொடரலாமா வேணாமான்னு பேசறதுக்கு. தப்பு பண்ண ஆளை வேலையிலிருந்து எடுத்துட்டோம்னு சொல்லிட்டா விஷயம் முடிஞ்சிரும். உன் வைஃப்னு எனக்குத் தெரியும். அதான் உன்னையே கேக்கறேன். என்ன சொல்றே?”

அழுக்குப் பக்கத்தின் பிளாஸ்டிக் திரைக்கு அப்பால் மஞ்சள் கையுறைகள் போட்ட ஓர் உருவம் மூட்டையைக் குனிந்து அவிழ்த்துக்கொண்டிருந்தது.

“நாளைக்கு நீங்க வரீங்க இல்ல மேடம். அப்ப சொல்றேன்.”

அன்று சாயங்காலம் வீட்டில் அவரைக்காய் சீசனின் கடைசிக் கொட்டைகள் ஊறியிருந்தன. பிதுக்குப் பருப்புக் குழம்புக்கு ஒவ்வொரு கொட்டையாக இரண்டு விரலில் அழுத்தித் தோலிலிருந்து பருப்பைப் பிதுக்க வேண்டும். ஆதிகேசவனும் பாத்திரத்துக்கு எதிரில் உட்கார்ந்தான். வாசலில் பக்கத்து வீட்டுப் பையன்கள் பந்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். பருப்பு வழுக்கி வழுக்கிக் கிண்ணத்தில் விழுந்தது. மேடம் சொன்னதைச் சொன்னான்.

சாந்தகுமாரி கை நிற்கவில்லை. “அனுப்பினா அனுப்பட்டுங்க. கோரமங்களாவுல ஒரு டெய்லர் கடையில ஆள் கேக்கறாங்களாம்.”

“நீ போயிட்டா அவங்க நெனைக்கறது சரின்னு ஆயிடாதா?”

“எவங்க?”

“அம்புஜம், மத்தவங்க எல்லாம். ஏதாச்சும் புதுசா பண்ணா இதான் கதின்னு.”

“இப்பவே அப்படித்தான நெனைக்கறாங்க.” ஒரு கொட்டை அவள் விரலிலிருந்து தெறித்து அவன் மடியில் விழுந்தது. அதை எடுத்துக்கொள்ளவில்லை. “நூல் சாயம் போனது எனக்குப் பெரிசில்லைங்க. இன்னொரு நூல் தேடிக்கலாம். ரெண்டு வாட்டி உங்களைக் கேட்டுதான் பண்ணேன். ஒரு வாட்டி இந்த ரூம்ல, ஒரு வாட்டி ஷெட்டுல. கேட்டுப் பண்ணவளைக் கேக்காம பண்ணவளா ஆக்கிட்டீங்க. அதான்.”

அடுப்படிப் பக்கத்திலிருந்து பார்கவி, புத்தகத்திலிருந்து தலையைத் தூக்காமலே, “அம்மா கேட்டப்ப நானும் இங்கதான் இருந்தேன்பா,” என்றாள். “பண்ணிப் பாருன்னு சொன்னே.”

ஆதிகேசவன் மடியிலிருந்த பருப்பை எடுத்துக் கிண்ணத்தில் போட்டான். கிண்ணம் நிறையும்வரை கொட்டைகளைப் பிதுக்கினான்.

சனிக்கிழமை பத்து மணிக்கு டீ வந்தது. மேடமும் வந்தாள். ஆதிகேசவன் அவளை ஆபீஸ் அறைக்குள் போகவிடவில்லை. “இங்கயே ஒரு நிமிசம் மேடம்,” என்று ரோலர் பக்கத்தில் நிறுத்தினான். டிரேவரிடம் ரோலரை நிறுத்தச் சொன்னான். அழுக்குப் பக்கத்துத் திரையை விலக்கி சாந்தகுமாரியையும் கூப்பிட்டான். முகமூடியைத் தாடைக்குக் கீழே இறக்கிக்கொண்டு அவள் வந்து நின்றாள்.

“அன்னிக்கு நீங்க இங்கதான் கேட்டீங்க. எனக்குத் தெரியாதுன்னு சொன்னேன். அது பொய் மேடம்.” குரல் அவன் நினைத்ததைவிடச் சின்னதாக இருந்தது. “நூல் போடற யோசனை சாந்தகுமாரியோடது. என்னைக் கேட்டாங்க, நான் சரின்னேன். உங்ககிட்ட சொல்றேன்னும் சொன்னேன், சொல்லல. பிரிக்கற வேலை சீக்கிரம் முடியுதுன்னு நீங்க பாராட்டினப்பவும் அது அவங்க பண்ணதுன்னு சொல்லல. ரெண்டாவது சிவப்பை கொதிக்க வச்சிப் பாக்கணும்னு சொன்னாங்க. வண்டி நிக்குது தச்சிடுன்னு சொன்னது நான். அந்த எண்பது ஷீட்டும் என் தப்பு.”

யாரும் டீயைக் குடிக்கவில்லை. சிந்தியா மேடம் கண்ணாடியைக் கழற்றினாள். ஆவி படிந்திருந்தது. புடவைத் தலைப்பில் நிதானமாகத் துடைத்தாள்.

“ஒரு மாசம் ஆச்சு ஆதி.”

“ஆமா மேடம்.”

“உன்னை சூப்பர்வைசரா வச்சிக்கலாமா வேணாமான்னு நான் யோசிக்கணும். அத இப்ப சொல்ல மாட்டேன்.” கண்ணாடியைப் போட்டுக்கொண்டாள். “நானும் அன்னிக்கு வந்த உடனே யாருன்னுதான் கேட்டேன். என்னா ஆச்சுன்னு கேக்கல. ம். சரி. மண்டே என்கூட ஆஸ்பத்திரிக்கு வா. இங்க சொன்னதை அங்கயும் சொல்லு. சாந்தா, நீ மெஷினுக்குப் போ.”

“ரெண்டு மூட்டை அவுத்தது அப்படியே கிடக்குது மேடம்,” என்றாள் சாந்தகுமாரி. “முடிச்சிட்டுப் போறேன்.”

முகமூடியை ஏற்றிக்கொண்டு திரைக்குள் போனாள்.

திங்கட்கிழமை ஆஸ்பத்திரியின் நாலாவது மாடியில், மருந்து வாசனை அடிக்கிற ஒரு சின்ன அறையில் ஆதிகேசவன் அதையே மறுபடி சொன்னான். இரண்டாம் தடவை கொஞ்சம் எளிதாக இருந்தது. படுக்கைத் துணிகளுக்குப் பொறுப்பான ஓர் அம்மா கன்னடத்தில், “நம்ம ஷீட்டு நமக்கே வருதுன்னு ரெண்டு வாரம் சந்தோஷமா இருந்தோம்,” என்றாள். மூன்று மாதம் பார்க்கலாம் என்றாள். அவ்வளவுதான்.

செவ்வாய்க்கிழமை காலையில் ஷெட்டுக்குள் நுழைந்தபோது எதுவும் மாறியிருக்கவில்லை. நாடாக்கள் முடிச்சில்லாமல் தொங்கின. ஆதிகேசவன் யாரையும் எதுவும் கேட்கவில்லை. பச்சைப் பைஜாமாக் குவியலுக்குப் பக்கத்தில் ஒரு கவிழ்த்த வாளியைப் போட்டு உட்கார்ந்து, தானே முடிச்சு போட ஆரம்பித்தான். ஒன்று, இரண்டு, பத்து. பெண்கள் மடித்துக்கொண்டே பார்த்தார்கள். பன்னிரண்டாவதில் அம்புஜத்தால் பொறுக்க முடியவில்லை.

“அட, அப்படிப் போட்டா ஈரத்துல இறுகிடும் சார். அப்புறம் டாக்டரு பல்லால அவுக்கணும்.” பைஜாமாவை அவன் கையிலிருந்து பிடுங்கினாள். “ரெண்டு நுனியும் சேத்துக்குங்க. காது மாதிரி ஒரு வளையம் விட்டு இழுங்க. அவுக்கறப்போ ஒரே இழுப்புல வரணும். பாத்தீங்களா? இந்தப் பன்னெண்டையும் மொதல்ல அவுருங்க.”

அவன் பன்னிரண்டையும் அவிழ்த்தான். யாரோ சிரித்தார்கள்.

தையல் மெஷின் பக்கத்திலிருந்து சாந்தகுமாரி கையசைத்தாள். போனான். ஒரு விரிப்பின் மூலையை அவனிடம் நீட்டினாள்.

“கண்ணை மூடிக்கினு தொட்டுப் பாரு.”

மூடிக்கொண்டு தொட்டான். விரலுக்கு அடியில் ஒரு மேடு தட்டுப்பட்டது. அடுத்த துணியில் இரண்டு மேடு. மூன்றாவதில் மூன்று. கண்ணைத் திறந்தான். எல்லாம் வெள்ளை நூல். தடிமனாக, வரி வரியாகத் தைத்திருந்தது.

“வெள்ளைதானே. சாயம் போனாலும் எங்க போவும்?” என்றாள். “அழுக்குப் பக்கம் இருந்தப்ப யோசிச்சது. ரப்பர் கையுறை போட்டுக்கினு தொட்டாலும் தெரியற மாதிரி இருக்கணும். அப்பதான் மூட்டை அவுக்கறப்பவே பிரிச்சிடலாம். கலர் நூல்ல அது முடியாது, ரத்தம் பட்டா எல்லாம் ஒரே கலர்.”

“அப்பவே யோசிச்சதா? ஏன் எங்கிட்ட…” என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டான்.

அடுத்த விரிப்பை ஊசிக்கு அடியில் தள்ளினாள்.

வாசல் பக்கத்துச் சுவரில் ஒரு கரும்பலகை உண்டு. எந்த மெஷினில் எந்த லோடு என்று அதில் சாக்குக்கட்டியால் எழுதுவார்கள். ஆதிகேசவன் ஈரத்துணியால் ஓரமாகத் துடைத்து, எல்லோருக்கும் தெரிகிற பெரிய எழுத்தில் எழுதினான்:

*வெள்ளை நூல், பத்து விரிப்பு, மூணாம் மெஷின், 80 டிகிரி. யோசனை: சாந்தகுமாரி. செய்யச் சொன்னது: ஆதிகேசவன்.*

எழுதியதை ஃபோனில் படம் எடுத்து மேடத்துக்கு அனுப்பினான். பிறகுதான் பத்து விரிப்புகளையும் உள்ளே போட்டு வட்டக் கதவைச் சாத்தினான். சாந்தகுமாரி எழுந்து வந்து பலகையைப் படித்தாள்.

“இன்னும் துவைக்கவே இல்ல. கெட்டுப்போச்சுன்னா?”

“அதான் முன்னாடியே எழுதினேன்.”

அவள் கண்ணாடி வழியாக உள்ளே பார்த்தாள். வெள்ளைத் துணி தண்ணீரில் எழுந்து எழுந்து விழுந்தது. அவன் பக்கத்தில் நின்றான். தோள் லேசாக உரசியது. அவள் நகரவில்லை.

மேஜையிலிருந்து அம்புஜம் குரல் கொடுத்தாள். “சார், அந்த மூணாம் மெஷின்லயா போட்டீங்க? அதோட பெல்ட்டு கத்துது. பத்து நாளா.”

“பத்து நாளாவா? ஏன்க்கா சொல்லல?”

“இப்ப சொல்றேன் இல்ல?”

ஆதிகேசவன் மெஷினின் பின்பக்கம் காதைக் கொடுத்தான். தண்ணீரின் சத்தத்துக்கு அடியில், மெல்லிய குரலில், பூனைக்குட்டி மாதிரி அது கத்திக்கொண்டிருந்தது. இத்தனை நாள் எப்படிக் கேட்காமல் போனது என்று யோசித்தபடியே டிரேவரைக் கூப்பிடப் போனான்.